பழைய நிரலுக்குள் புதிதாக நுழைபவர்களுக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மென்பொருள் பணியில் புதிதாகச் சேர்ந்தவர்கள் எழுதிய கடிதங்களில் ஐந்தை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். பெயர்களை வெளியிட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் யாருடைய பெயரையும் குறிப்பிடவில்லை.

கேள்வி: மென்பொருள் பொறியாளராக வேலையில் சேர்ந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. என்னைச் சேர்த்திருக்கும் புராஜெக்ட் பதினோரு ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருப்பது. நிரல் மட்டும் நான்கு லட்சம் வரிகளுக்கு மேல் இருக்கிறது. முதலில் எழுதியவர்களில் யாரும் இப்போது குழுவில் இல்லை. ஆவணங்கள் இருக்கின்றன, ஆனால் அவற்றில் சொல்லப்படும் பல பகுதிகள் நிரலில் இல்லை. முதல் கோப்பிலிருந்து வரிசையாகப் படித்து இரண்டு நோட்டுப் புத்தகங்கள் நிறையக் குறிப்பெடுத்துவிட்டேன், ஒன்றும் பிடிபடவில்லை. மாதாந்திர விற்பனை அறிக்கையில் சில ஆர்டர்கள் தவறான மாதத்தில் போய் விழுகின்றன என்ற டிக்கெட்டை (பதிவான பிழைப் புகாரை) முதல் வேலையாகக் கொடுத்திருக்கிறார்கள். எங்கே தொடங்குவது? இந்த வேலைக்கு நான் தகுதியானவன்தானா என்ற சந்தேகமே வந்துவிட்டது.

பதில்: கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நான்கு லட்சம் வரிகளை மூன்று வாரத்தில் புரிந்துகொள்ள யாராலும் முடியாது. அதே புராஜெக்டில் ஐந்து ஆண்டுகளாக இருப்பவரைக் கேட்டுப் பாருங்கள். தாம் ஒருமுறைகூடத் திறந்து பார்க்காத கோப்புகள் ஏராளம் என்றுதான் அவர் சொல்வார். உங்கள் தகுதியில் குறையில்லை. தேர்ந்தெடுத்த வழியில்தான் சிக்கல் இருக்கிறது. முதல் பக்கத்தில் தொடங்கிக் கடைசிப் பக்கத்தில் முடிக்கும்படி யாரும் நிரல் எழுதுவதில்லை. கோப்புகள் அகர வரிசையில் அடுக்கிக் கிடந்தாலும், ஓடும்போது ஒரு கோரிக்கை தொடுவது பெரும்பாலும் அவற்றில் பத்தோ இருபதோதான். அவையும் மூலைக்கொன்றாகச் சிதறியிருக்கும். ஆகவே வரிசையாகப் படிப்பதை நிறுத்திவிட்டு, ஒரே ஒரு செயலைப் பிடித்துக்கொண்டு, அது தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம்வரை கூடவே போங்கள்.

அதற்கும் முன்னால், புராஜெக்ட் உங்கள் கணினியில் முழுமையாக ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடாத நிரலைப் படிப்பது ஏட்டுச் சுரைக்காய்தான். நான் வேலையில் சேர்ந்த காலத்தில், ஒரு சிறிய அமைப்புக் கோப்பு விடுபட்டிருந்ததைக் கண்டுபிடிக்காமல் ஒன்பது நாட்கள் வெறுமனே நிரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்தாவது நாள் அடுத்த மேசைக்காரர் அதை இரண்டு நிமிடத்தில் சரிசெய்து கொடுத்தார். அந்த ஒன்பது நாட்களின் வலி எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. உங்களுக்கும் நிறுவல் குறிப்பில் ஏதாவது ஒரு படி வேலை செய்யாமல் போகும். எந்தப் படியில் என்ன பிழைச் செய்தி வந்தது, எதைச் செய்ததும் சரியானது என்று உடனுக்குடன் எழுதி, அந்தக் குறிப்பையே திருத்தி, அதை உங்கள் முதல் மாற்றமாக அனுப்புங்கள். ஏற்கெனவே அங்கே இருப்பவர்கள் அந்தப் படிகளைக் கடந்து பல காலம் ஆகியிருக்கும் என்பதால், எது உடைந்து கிடக்கிறது என்பது புதிதாக வருபவரின் கண்ணில்தான் படும். யாருக்கும் சேதம் விளைவிக்காத அந்தச் சிறு திருத்தத்தின் வழியாகவே மாற்றத்தைப் பதிவுசெய்யும் கமிட், அதை மற்றவர் சரிபார்க்கும் ரிவ்யூ, நிரலைத் தானாகச் சோதிக்கும் டெஸ்ட், பொது நிரலுடன் இணைப்பு என்று அந்தக் குழுவின் நடைமுறை முழுவதும் உங்களுக்குப் பழகிவிடும்.

இனி அந்த ஒரு செயல். ஓர் ஆர்டர் உறுதி செய்யப்படுவதை எடுத்துக்கொள்ளுங்கள். பிரவுசரில் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து, நெட்வொர்க் பகுதியைப் பார்த்தபடி, உறுதிசெய்யும் பட்டனை அழுத்துங்கள். செர்வருக்கு ஒரு கோரிக்கை போவது தெரியும். அதன் முகவரியின் கடைசித் துண்டை எடுத்து நிரல் முழுவதிலும் தேடினால், அந்தக் கோரிக்கையை வாங்கிக்கொள்ளும் ஃபங்ஷன் (குறிப்பிட்ட ஒரு வேலையைச் செய்யும் நிரல் பகுதி) பெரும்பாலும் கிடைத்துவிடும். அதன் முதல் வரியில் ஓட்டத்தை அங்கேயே நிறுத்தும் பிரேக்பாயிண்ட் வைத்து, பட்டனை மறுபடி அழுத்தி, நிரலை நிறுத்தி நிறுத்தி ஓட்டிக் காட்டும் டீபக்கரில் ஒவ்வொரு படியாக நகருங்கள். முதல் முறை எந்த ஃபங்ஷனுக்குள்ளும் ஆழமாக இறங்க வேண்டாம். மேலோட்டமாகக் கடந்து, எது எதை அழைக்கிறது என்பதை மட்டும் ஒரு தாளில் மேலிருந்து கீழாக எழுதுங்கள். இரண்டாம் முறை, அந்தத் தாளில் கேள்விக்குறி போட்ட இடங்களில் மட்டும் உள்ளே இறங்குங்கள். பட்டனை அழுத்துவதற்கு முன்னும் பின்னும் டேட்டாபேஸைப் பார்த்து, எந்த டேபிளில் எந்த வரி புதிதாக விழுந்தது, ஏற்கெனவே இருந்த எந்த மதிப்பு மாறியது என்பதையும் கீழே குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பிற்பகலில் ஒரு தாள் நிறையும். உங்கள் இரண்டு நோட்டுப் புத்தகங்களில் கிடைக்காதது அந்தத் தாளில் கிடைக்கும், ஏனென்றால் அதில் இருப்பதெல்லாம் உங்கள் கண்முன் நடந்தவை.

அப்படிப் பார்க்கும்போது, ஆர்டரின் நிலை என்ற இடத்தில் 3, 5, 7 என்று வெறும் எண்கள் கிடக்கும். 7 என்றால் பணம் வந்துவிட்டதா, பொருள் கிளம்பிவிட்டதா, ரத்தாகிவிட்டதா என்பதை நிரல் எல்லா நேரமும் சொல்லாது. இத்தகைய தொழில்சார்ந்த சொற்களுக்கும் எண்களுக்கும் தனியாக ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு, பொருள் தெரியத் தெரிய நிரப்புங்கள். புதியவர்களைத் தடுமாற வைப்பது நிரல்மொழி என்று பலரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் இந்தச் சொற்கள்தான் அதைவிட அதிகம் தடுமாற வைக்கின்றன.

இப்போது உங்கள் டிக்கெட். தவறான மாதத்தில் விழுந்த ஆர்டர்களில் நாலைந்தின் எண்களைக் கேட்டு வாங்கி, அவை பதிவான நேரத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லாமே மாதத்தின் முதல் நாள் நள்ளிரவுக்குப் பிந்தைய சில மணி நேரத்துக்குள் வந்தவையாக இருந்தால், நேர மண்டலத்தைச் சந்தேகிக்கலாம். பல மென்பொருள்கள் நேரத்தை யுடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தில்தான் சேமிக்கின்றன. அதைவிட 5 மணி நேரம் முன்னால் இருக்கும் ஓரிடத்தில் ஒருவர் முதல் தேதி அதிகாலை 1.30 மணிக்கு ஆர்டர் கொடுத்தால், சேமிக்கப்படுவது முந்தைய நாள் இரவு 8.30 மணி. அறிக்கை எழுதியவர் அதை உள்ளூர் நேரத்துக்கு மாற்றாமல் மாதத்தைப் பிரித்திருந்தால், அந்த ஆர்டர் முந்தைய மாதக் கணக்கில் போய்ச் சேரும். உங்கள் பிழைக்குக் காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்லவில்லை. பிழையை ஊகத்தில் தேடாமல், கையில் இருக்கும் நாலைந்து உண்மையான உதாரணங்களிலிருந்து தேட வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். அதே நேரத்தைக் கொடுத்து உங்கள் கணினியில் அந்தப் பிழையை வரவழைக்க முடிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

காரணம் தெரிந்தவுடன் கையை வைத்துவிடாதீர்கள். அறிக்கை இப்போது என்ன தருகிறதோ அதை அப்படியே பதிவுசெய்யும் ஒரு டெஸ்ட்டை முதலில் எழுதுங்கள். உங்கள் மாற்றம் வேறெதையாவது தொட்டுவிட்டால் அது காட்டிக்கொடுக்கும். பிறகு அந்த வரிகளின் வரலாற்றைப் பாருங்கள். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்காக உருவாக்கிய கிட், அதாவது நிரலில் செய்யும் மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் மென்பொருள், இன்று ஏறத்தாழ எல்லாக் குழுக்களிலும் இருக்கிறது. அதில் பிளேம் என்ற கட்டளை ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றிய கமிட்டைக் காட்டும். லாக் கட்டளையிலேயே, ஒரு குறிப்பிட்ட சொல் நிரலுக்குள் எப்போது வந்தது, எப்போது போனது என்று தேடவும் வழியுண்டு. முன்பு சரியாக இருந்து இடையில் கெட்டுப்போன பிழையென்றால் பைசெக்ட் இருக்கிறது: அது கமிட்டுகளைப் பாதி பாதியாகப் பிரித்துச் சோதிப்பதால், ஆயிரம் கமிட்டுகளுக்குள் ஒளிந்திருக்கும் குற்றவாளியைப் பத்துச் சோதனைகளில் பிடித்துவிடலாம். கமிட்டுடன் எழுதப்பட்ட குறிப்பும், அதில் இருக்கும் பழைய டிக்கெட் எண்ணும், ஏன் அப்படி எழுதினார்கள் என்பதற்குக் கிடைக்கும் மிக நம்பகமான சாட்சிகள்.

ஆவணங்கள் ஏன் கைவிடுகின்றன என்ற உங்கள் ஆதங்கத்துக்கும் ஒரு வார்த்தை. டென்மார்க்கைச் சேர்ந்த கணினி அறிஞர் பீட்டர் நவுர் 1985இல் ஒரு கட்டுரையில் இதைப் பற்றி விரிவாக எழுதினார். ஒரு குழு எழுதிய கம்பைலரை (நிரலைக் கணினிக்குப் புரியும் வடிவுக்கு மாற்றும் மென்பொருளை) இன்னொரு குழு விரிவாக்க வேண்டியிருந்தது. நிரலும் முழு ஆவணங்களும் கையில் இருந்தும், இரண்டாம் குழு முன்வைத்த மாற்றங்கள் பல இடங்களில் முதல் வடிவமைப்பின் வலிமையைக் குலைப்பவையாக இருந்தன. முதல் குழுவினருக்கோ அது பார்த்தவுடன் தெரிந்தது. நிரலைப் பற்றிய புரிதல் அதை எழுதியவர்களின் மனத்தில் இருக்கிறது, அதைத் தாளில் முழுமையாக இறக்கிவைக்க முடியாது என்பது அவருடைய முடிவு. எழுதியவர்கள் போய்விட்ட புராஜெக்டில் அந்தப் புரிதலை நீங்கள் மறுபடியும் கட்டியெழுப்ப வேண்டியிருக்கிறது. கடினமாக இருப்பது அதனால்தான்.

கேள்வி: எங்கள் குழுவின் சீனியர் நல்லவர், ஆனால் எப்போதும் வேலையில் மூழ்கியிருப்பார். ஒவ்வொரு சந்தேகத்துக்கும் அவரிடம் போனால் தொந்தரவாக நினைப்பாரோ என்று தயங்கியே நாட்கள் போகின்றன. எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது?

பதில்: இது என்ன செய்கிறது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் நிரலிலேயே விடை இருக்கும், ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஏன் இப்படி இருக்கிறது என்ற கேள்விக்கு மனிதர்களிடம்தான் விடை இருக்கும். முதல் வகையில் நீங்களே முக்கால் மணி நேரம்வரை முயன்று பாருங்கள்; அதற்குப் பிறகும் நகரவில்லையென்றால், எந்த வகையாக இருந்தாலும் தயங்காமல் போய்க் கேளுங்கள். கேட்காமல் வீணாகும் மூன்று நாட்கள், கேட்பதால் அவர் இழக்கும் பத்து நிமிடத்தைவிடக் குழுவுக்கு அதிக நஷ்டம். அவருக்கும் அது தெரியும்.

எப்படிக் கேட்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "சார், அறிக்கை வரவில்லை, என்னவென்று பார்க்கிறீர்களா?" என்று கேட்டால் அவர் தம் வேலையை விட்டு எழுந்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் விசாரிக்க வேண்டும். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "சார், மாத அறிக்கையை லோக்கலில் ஓட்டும்போது காலி அட்டவணை வருகிறது. டேட்டாபேஸில் அந்த மாதத்துக்கு 40 ஆர்டர்கள் இருப்பதைப் பார்த்துவிட்டேன். வினவலைத் தனியாக ஓட்டினால் 40 வரிகளும் வருகின்றன. அதற்குப் பிறகு நிலை 7 உள்ளவற்றை மட்டும் வடிகட்டும் இடத்தில் எல்லாம் நின்றுவிடுகின்றன. இங்கே 7 என்பதற்கு என்ன பொருள்? அவசரமில்லை, மாலைக்குள் சொன்னால் போதும்." இதற்கு அவர் நின்றபடியே ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். அதைவிட, நீங்கள் உழைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். அடுத்த முறை உங்களைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போடுவார். இப்படி எழுதிக்கொண்டிருக்கும்போதே பாதிக் கேள்விகளுக்கு விடை தோன்றிவிடும் என்பதையும் பார்ப்பீர்கள்.

கிடைத்த பதிலை உடனே எழுதிவையுங்கள். ஒரே கேள்வியை மூன்றாம் முறை கேட்கும்போதுதான் நல்லவர்களுக்கும் பொறுமை போகும்.

கேள்வி: எனக்குக் கொடுத்த ஃபங்ஷனில், எந்தப் பயனும் இல்லாமல் நின்ற இரண்டு வரிகளை நீக்கிச் சுத்தம் செய்து அனுப்பினேன். எல்லா டெஸ்ட்டுகளும் தேறின. ஆனாலும் ரிவ்யூவில் "இவற்றை ஏன் எடுத்தீர்கள், இவை ஏன் இருந்தன என்று தெரியுமா?" என்று கேட்டு மாற்றத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பழைய நிரலைச் சீர்ப்படுத்துவது தவறா?

பதில்: தவறில்லை, ஆனால் ரிவ்யூ செய்தவரின் பக்கமே நான் நிற்கிறேன். ஏன் என்று விளக்க, நடந்த ஒரு நிகழ்வைச் சொல்கிறேன்.

ஓப்பன்எஸ்எஸ்எல் என்பது இணையத்தில் தகவல்களை மறையாக்கம் செய்யப் பரவலாகப் பயன்படும் மென்பொருள் நூலகம். 2006இல், டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளத்துக்காக அதைப் பராமரித்தவர், அதன் ரேண்டம் எண் உருவாக்கும் பகுதியில் ஏறத்தாழ ஒரே மாதிரித் தோன்றிய இரண்டு வரிகளைச் செயலிழக்கச் செய்தார். மதிப்பு எதுவும் இடப்படாத நினைவகத்தை நிரல் படிக்கிறது என்று வால்கிரைண்ட் என்ற சோதனைக் கருவி எச்சரித்ததுதான் காரணம். அந்த இரண்டில் ஒன்று போனால் பெரிய இழப்பில்லை. மற்றொன்றோ, கணிக்க முடியாத தன்மையை உள்ளே கொண்டுவந்து சேர்த்த வரி. அது போனதும், ரேண்டம் எண்ணுக்கு ஆதாரமாக மிஞ்சியது நிரல் ஓடும்போது கணினி அதற்குக் கொடுக்கும் புராசஸ் எண் மட்டுமே. அதற்கு அதிகபட்சம் 32,768 மதிப்புகள்தான் இருக்க முடியும். உடைக்கவே முடியாது என்று நம்பப்பட்ட மறைச்சாவிகளை, வரிசையாக முயன்றே கண்டுபிடித்துவிடலாம் என்ற நிலை வந்துவிட்டது. இது வெளியே தெரிந்தது 2008 மே மாதத்தில். இடைப்பட்ட காலம் முழுவதும் எல்லாம் வழக்கம்போலவே ஓடிக்கொண்டிருந்தது. டெபியனிலும் அதை அடிப்படையாகக் கொண்ட உபுண்டு போன்றவற்றிலும் அந்தக் காலத்தில் உருவாக்கப்பட்ட சாவிகளைத் தூக்கியெறிந்துவிட்டுப் புதிதாக உருவாக்க வேண்டியதாயிற்று.

அவர் கேட்காமல் செய்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஓப்பன்எஸ்எஸ்எல் உருவாக்குநர்களின் அஞ்சல் குழுவில் கேட்டார். பிழை தேடுவதற்கு உதவுமென்றால் எடுக்கலாம் என்ற பொருளில் பதிலும் வந்தது. ஆனால் மாற்றம் போய்ச் சேர்ந்தது எல்லாரும் பயன்படுத்தும் வெளியீட்டில். முந்தைய வாசகருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்: எதற்காகக் கேட்கிறோம், மாற்றம் எங்கே போய்ச் சேரப் போகிறது என்பதைக் கேள்வியிலேயே சொல்லாவிட்டால், கேட்டும் கேட்காதது போலத்தான்.

நீங்கள் எடுத்த இரண்டு வரிகள் உண்மையிலேயே பயனற்றவையாக இருக்கலாம். அவை எந்தக் கமிட்டில், எந்த டிக்கெட்டுக்காக வந்தன, அந்தத் தேவை இன்று ஏன் இல்லை என்று மூன்று வாக்கியங்கள் எழுதி, பிழைத்திருத்தத்துடன் கலக்காமல் தனி மாற்றமாக மறுபடியும் அனுப்புங்கள். அப்போது பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். காரணம் கண்டுபிடிக்க முடியவில்லையென்றால் வரிகள் இருக்கட்டும். தேடிப் பார்த்தும் காரணம் தெரியவில்லை என்று மேலே ஒரு குறிப்பு மட்டும் எழுதுங்கள். அதுவும் அடுத்து வருபவருக்கு உதவிதான்.

கேள்வி: தெரியாத நிரலைப் புரிந்துகொள்ள ஏஐ கருவிகளைப் பயன்படுத்தலாமா? குழுவில் சிலர் கூடாது என்கிறார்கள்.

பதில்: உங்கள் நிறுவனம் அனுமதிக்கிறதா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள், அனுமதியில்லாமல் நிறுவனத்தின் நிரலை வெளியே உள்ள எந்தக் கருவியிலும் ஒட்டக் கூடாது. அனுமதி இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். அறிமுகமில்லாத மொழியில் இருக்கும் ஒரு ஃபங்ஷனையோ, எழுத்துகளில் ஒரு வடிவத்தைத் தேடப் பயன்படும், தலைசுற்ற வைக்கும் ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷனையோ, நீண்ட பிழைச் செய்தியையோ விளக்கச் சொன்னால், அவை நன்றாகவே விளக்குகின்றன. ஆனால் பழைய முடிவுகளுக்கான காரணம் அவற்றுக்குக் கொடுக்கப்பட்ட நிரலில் இல்லாதபோது, பொருத்தமாகத் தோன்றும் ஒரு காரணத்தை அவை தாமே சொல்லிவிடும். உங்கள் புராஜெக்டில் இல்லவே இல்லாத ஃபங்ஷனின் பெயரையும் அதே உறுதியோடு சொல்லும். ஆகவே அது சொல்லும் ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்து, பிரேக்பாயிண்ட்டில் நின்று பார்த்து, அதன் பிறகே உங்கள் தாளில் எழுதுங்கள். தாளை நீங்கள்தான் எழுத வேண்டும். ரிவ்யூவில் உங்கள் மாற்றத்தைப் பற்றிக் கேள்வி வரும்போது பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

கேள்வி: இதுவரை தொட்டே பார்க்காத ஒரு பகுதியில் வேலை கொடுத்து, எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று மேனேஜர் உடனே கேட்கிறார். தெரியாது என்று சொல்லப் பயமாக இருக்கிறது. போன முறை மூன்று நாள் என்று சொல்லிப் பத்து நாளாகிவிட்டது.

பதில்: தெரியாத இடத்துக்கு நாள் கணக்குச் சொல்வது அனுபவசாலிகளுக்கும் கடினமே. "ஒரு நாள் கொடுங்கள், பிழையை என் கணினியில் வரவழைத்துப் பார்த்து, எந்தெந்தக் கோப்புகளைத் தொட வேண்டும் என்று தெரிந்துகொண்டு, நாளை மாலை கணக்குச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். எப்போது தெரியும் என்பதை நீங்கள் சொல்லிவிடுவதால், தெரியாது என்று மட்டும் சொல்லி நிற்க வேண்டியதில்லை. மறுநாள் சொல்லும்போதும் ஒற்றை எண்ணாகச் சொல்லாதீர்கள். நான்கிலிருந்து ஏழு நாள் ஆகலாம், ஏழாவதற்குக் காரணம் அந்தப் பகுதியில் டெஸ்ட் எதுவும் இல்லாதது என்று விளக்கிச் சொல்லுங்கள். இரண்டாம் நாளே தாமதமாகும் என்று தெரிந்துவிட்டால், மூன்றாம் நாள் காலை ஸ்டாண்ட்அப் கூட்டத்தில் அதைச் சொல்லிவிடுங்கள். போன முறை உங்கள் மேனேஜருக்குச் சங்கடம் தந்தது பத்து நாள் ஆனதாக இருக்காது. பத்து நாள் ஆகும் என்பது ஒன்பதாம் நாள்தான் அவர் காதுக்குப் போனதாக இருக்கும்.